பருப்பு வேகும் தண்ணீர்

எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது. நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோட்டுக்குப் போகும் சாலையில் பாதி வழியில் உள்ள மேட்டுக்காட்டு ஊர் அது. பாறைக்கு நடுவே ஊறும் தண்ணீர். குடித்தால் நாக்கில் சுண்ணாம்பு தடவியது போலிருக்கும். ஆகையால் மழை இறங்கியதும் எங்கள் பெண்கள் முதலில் செய்யும் காரியம், வீட்டிலுள்ள அண்டா, குடம், போசி அத்தனையையும் தாழ்வாரத்து ஓட்டுக்கு அடியில் வரிசையாக வைப்பதுதான். கொடியில் காயும் துணியெல்லாம் அதற்குப் பிறகு. அந்தத் தண்ணீரை மூடிவைத்து மாதக் கணக்கில் பருப்புக்கு மட்டும் எடுப்பார்கள். இலங்கைக்குப் போய்வந்த கதையை எழுத உட்கார்ந்தவன் இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

எனக்கு ஒரே மகள், நல்லம்மாள். மாப்பிள்ளை முத்துசாமி இலங்கை மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் குமாஸ்தா. கல்யாணமாகி மூன்று வருடமாக மாதம் ஒரு கடிதம் வரும். நான் பள்ளிக்கூட வாத்தியார். என் மனைவி பாவாயிக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே நான்தான் வாசித்துக் காட்டுவேன். மகள் கடிதத்தில் பாதிக்கு மேல் பனி, மலை, எந்த மாதத்தில் எந்த மரம் பூத்தது என்று இருக்கும். அந்த வரிகளையெல்லாம் தாண்டிவிடுவேன். ‘உடம்பு சௌக்கியம், அவரும் சௌக்கியம்’ என்ற இடத்தைத் தேடிப் பிடித்து அதை மட்டும் இரண்டு முறை படிப்பேன். மற்றது வீண் என்பது என் எண்ணம்.

ஆனி மாதத்தில் தந்தி வந்தது. வீட்டின் மேல் மண் சரிந்தது, நல்லம்மாள் பிழைத்தாள், கவலை வேண்டாம் என்று இருந்தது. கவலை வேண்டாம் என்று எழுதப்பட்ட தந்தியைப்போல் மனிதனைக் கலக்குவது வேறொன்று இல்லை.

பாவாயி அழவில்லை. துவரம்பருப்பு இரண்டு படியை மூட்டை கட்டி என் கையில் கொடுத்தாள்.

“போயி எம் புள்ளையக் கூட்டிட்டு வாங்க. அவ இல்லாம நீங்க மட்டும் வர்றதா இருந்தா, இந்த வாசப்படிய மிதிக்காதீங்க” என்றாள்.

“கூட்டிட்டுத்தான் வருவேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

முதல் நாள் மோகனூரில் பரிசல் ஏறினேன். காவிரியில் செந்தண்ணீர் கரையை முட்டி ஓடியது. எங்கள் பக்கத்தில் ஒரு சொட்டு மழை இல்லை, புழுதிக் காற்றுதான். மேற்கே எங்கோ பெய்த மழை எங்கள் காட்டைத் தொடாமல் ஆற்று வழியே போய்க்கொண்டிருந்தது. பரிசலில் ஒரு கடலைக்காய் வியாபாரி இருந்தார்.

“எங்கீங்க பயணம்?”

“இலங்கைக்கு. மகளைப் பார்க்க.”

“அங்க வருசத்துல பத்து மாசம் மழையாமா. வர்றப்ப நம்ம ஊருக்கு ரெண்டு மாசத்த மூட்டை கட்டிக்கிட்டு வாங்க சாமி!”

பரிசலில் எல்லோரும் சிரித்தார்கள். வேறு சமயமாயிருந்தால் நானும் சிரித்திருப்பேன். நான் பரிசலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மழையைக் கேலி பேசினால்கூடக் குற்றம் என்று எண்ணும் ஊரில் பிறந்தவன், அன்றைக்கு மனதுக்குள் அதைச் சபித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் கடல். இரண்டு மணி நேரப் பயணம் என்று சொன்னார்கள். எனக்கு இரண்டு நாள்போல் இருந்தது. வயிற்றிலிருந்த புளிச்சோறு முழுவதையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு அக்கரையில் இறங்கினேன். ரயில் மாறும் இடத்தில் பசி தாங்காமல் ஒரு கடையில் நுழைந்தேன். சிவப்பு அரிசிச் சோறும், தேங்காயும் மிளகாயும் இடித்த துவையல் ஒன்றும் வைத்தார்கள். துவையல் நன்றாயிருக்கிறதென்று இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பிறகுதான் அதில் காய்ந்த மீனை இடித்துச் சேர்த்திருப்பது தெரிந்தது. அது ஆனி அமாவாசை. அமாவாசையன்று எங்கள் வீட்டில் மீன் வாசனையே கூடாது. பாவாயிக்கு இன்றுவரை அதைச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மலை ரயில். எதிர்ப் பலகையில் இரண்டு சிங்களப் பெண்களும், பக்கத்தில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தபால்காரர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஏற ஏறக் குளிர்ந்தது. கொஞ்ச தூரத்தில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர் மழை மின்னி இடித்து, புழுதி வாசனையை முன்னால் அனுப்பிவிட்டு வரும். இது ஒரு சத்தமும் இல்லாமல் தொடங்கி, அவசரமே இல்லாமல் பெய்தது.

அப்போது ஒரு காரியம் செய்தேன். யோசித்துச் செய்ததல்ல. பையிலிருந்த பித்தளைச் சொம்பை எடுத்து ஜன்னலுக்கு வெளியே, பெட்டியின் கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகும் இடத்தில் பிடித்தேன். அந்தப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

தபால்காரர் மொழிபெயர்த்தார். “குறை நினையாதேங்கோ. ‘இந்த ஐயாவின்ர ஊரில தண்ணியே இல்லையோ?’ எண்டு கேக்கிறா.”

“இருக்கிறது. ஆனால் பருப்பு வேகாது என்று சொல்லுங்கள்” என்றேன்.

அவர் சொன்னார். அவள் சிரிப்பதை நிறுத்தி, என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மடியிலிருந்த மங்குஸ்தான் பழங்களில் இரண்டை எடுத்து நீட்டினாள். பழத்தின் மேலோட்டை எப்படி உடைப்பதென்றுகூட எனக்குத் தெரியவில்லை. அவளே உடைத்துக் கொடுத்தாள்.

அதற்குமேல் ரயில் போகவில்லை. முன்னால் தண்டவாளத்தில் மண் விழுந்திருக்கிறது, இறங்கி நடந்து அப்பால் நிற்கும் வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள் என்றார்கள். தலையில் துண்டும் தோளில் பருப்பு மூட்டையுமாகச் சேற்றில் அரை மைல் நடந்தேன். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம். மலையில் வாய் பிளந்தது போல் ஒரு சிவப்புக் குழி. அதிலிருந்து வேரோடு ஒரு மரம் தலைகீழாகத் தொங்கியது. வீட்டின் மேல் மண் சரிந்தது என்ற தந்தி வாசகத்துக்கு அதுவரை எனக்கு உருவமில்லை. அந்த இடத்தில் உருவம் கிடைத்தது. கால் நகரவில்லை. தபால்காரர்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அந்திக்கு முன் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். நல்லம்மாள் வாசலில் நின்றாள்.

“வாங்கப்பா. நனஞ்சுட்டீங்களே! அம்மா நல்லா இருக்குதுங்களா?”

கை, கால், முகம் என்று அவளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கீறல்கூட இல்லை. “இருக்குது சாமி” என்றேன். மாப்பிள்ளை ஓடிவந்து மூட்டையை வாங்கிக்கொண்டார். “ரயிலு நின்னு போச்சுன்னு சொன்னாங்க மாமா, பயந்துட்டனுங்க” என்றார். மூட்டையை வாங்கிய கைகளைக் கவனித்தேன். பத்து விரலிலும் நகம் கறுத்துப் போயிருந்தது. மூன்று விரலில் நகமே இல்லை.

நாலாம் நாள் முழுதும் மழை. அவர்களுக்குத் தோட்டத்தில் வேறொரு வீடு கொடுத்திருந்தார்கள், தகரக் கூரை. தகரத்தில் விழும் மழைச் சத்தத்தில் சத்தம் போட்டுத்தான் பேச வேண்டும். மகள் அடுப்படியை விட்டு நகரவில்லை. பாத்திரங்கள் எல்லாம் உள்ளே சுவரோரமாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. தாழ்வாரத்தில் ஒன்றுகூட இல்லை. எங்கள் வீட்டுப் பெண் மழை நாளில் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்து அன்றுதான் பார்த்தேன்.

நடந்ததை மாப்பிள்ளைதான் சொன்னார், அவள் அடுப்படியில் வேலையாக இருந்தபோது.

பழைய வீட்டுக்குப் பின்னாலேயே மேடு. அடுப்படி மேட்டை ஒட்டியிருந்தது. அன்று மத்தியானம் நல்லம்மாள் அடுப்பில் பருப்பு வைத்திருந்தாள். மழை வலுத்தது. உடனே அண்டாவைத் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்குப் போயிருக்கிறாள், தாழ்வாரத் தண்ணீருக்கு வைப்பதற்கு. அந்த ஊர்க் குழாயில் வருவது மலையூற்றுத் தண்ணீர். அதில் பருப்பு வெண்ணெயாகக் குழையும். அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் மழை வந்தால் பாத்திரம் வைக்காமல் இருக்க அவளால் முடிந்ததில்லை. தோட்டத்து ஜனங்களுக்கு அது மூன்று வருடமாக ஒரு வேடிக்கை. “சேலத்தம்மா மழைய உண்டியல்ல போடுறாங்க” என்று, அவள் சேலம் ஜில்லாவிலிருந்து வந்தவள் என்பதால், வழியில் போகிறவர்கள் சொல்லிவிட்டுப் போவார்களாம்.

அவள் அண்டாவை வைத்துவிட்டு நிமிர்வதற்குள் மேடு இறங்கி அடுப்படியை மூடிவிட்டது.

“சத்தங் கேட்டு நான் ஆபீசிலிருந்து ஓடியாந்தனுங்க மாமா. அந்த நேரத்துக்கு அவ அடுப்படியிலதான் இருப்பான்னு பின்பக்கமா போயி மண்ணத் தோண்டுனேன். எவ்வளவு நேரம்னு தெரியலீங்க. அவ முன்னால நின்னுக்கிட்டு இருந்திருக்கறா. என்னையக் கூப்பிடப் பாத்திருக்கறா. குரல் வரலையாமா.”

அவர் கைகளை மடியில் மறைத்துக்கொண்டார். நான் எழுந்து வீட்டின் பின்பக்கம் போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தேன். அன்று அப்படி ஏழெட்டுத் தடவை போயிருப்பேன்.

ஐந்தாம் நாள் காலையில் கதவைத் திறந்தால் வெயில். நல்லம்மாள், “வாங்கப்பா, மத்தியானத்துக்குள்ள பாத்துரணும். ரெண்டு மணிக்குப் பனி வந்துரும்” என்று கூட்டிக்கொண்டு போனாள்.

சுற்றிலும் மலை. ஒவ்வொன்றும் தலைவாரிவிட்டது போல் தேயிலை வரிசை. மழை குடித்த செடிகளில் புதுத்தளிர். மஞ்சளும் பச்சையும் கலந்த அந்த நிறம் எங்கள் ஊரில் நெல் நாற்றங்காலில் பத்து நாள் இருக்கும், அவ்வளவுதான். எதிர்மலையில் முந்தின நாள் இல்லாத அருவி ஒன்று வெள்ளை நூல் போல் இறங்கியது. “நாலு நாளு வெயிலடிச்சா இது இருக்காதுங்கப்பா. மழ வந்தா வேற எடத்துல வரும்” என்றாள். கல்யாண முருங்கை மரங்களைக் காட்டி, மாசியில் இலை ஒன்றில்லாமல் மலை முழுக்கச் சிவப்பாய்ப் பூக்கும் என்றாள். “நம்மூர்ல சித்திரைல வேம்பு பூத்து வாசலெல்லாம் கொட்டுமே, அதாட்ட இங்க தரையெல்லாம் செகப்பு” என்றாள்.

“இதெல்லாம் எனக்குத் தெரியாதே” என்றேன்.

“எழுதியிருந்தனே. படிக்கலீங்களா?”

“படிச்சேன். உங்கம்மாளுக்குத்தான் படிச்சுக் காட்டலை.”

அவள் முன்னால் நடக்கத் தொடங்கினாள். ஏதாவது திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

திரும்பும்போது பழைய வீட்டு வழியாக வந்தோம். பச்சை மலையில் அந்தச் சரிவு மட்டும் சிவப்பாய்க் கிடந்தது. ஆடியில் உழுது போட்ட எங்கள் செம்மண் காட்டின் நிறம் அது. உழுத மண்ணைக் கண்டு மகிழ்ந்தே பழகிய கண் எனக்கு. அதைக் கண்டு மகிழவும் முடியவில்லை, பார்வையைத் திருப்பவும் முடியவில்லை. கிட்டப் போனேன். பதினைந்து நாள் மண்ணில் அதற்குள் பெரணிச் செடி முளைத்திருந்தது. சின்னச் சின்னதாக, சுருண்ட தலையோடு.

மத்தியானம் புது வீட்டிலிருந்து மேட்டுக்கு எவ்வளவு தூரம் என்று நடந்து பார்த்தேன். பின்னால் மேடே இல்லை, தட்டையான நிலம். பக்கவாட்டில் ஒரு மேடு, எண்பது தப்படிக்கு அப்பால். மூன்று முறை நடந்தேன். ஒரு கிழவி கொழுந்துக் கூடையோடு நின்று பார்த்துவிட்டு, “சேலத்தம்மாவுக்கு அப்பாங்களா?” என்று கேட்டாள். எப்படிக் கண்டுபிடித்தாள் என்று நான் கேட்கவில்லை.

ஆறாம் நாள், “துணிமணியை எடுத்து வை, நாளைக்குக் கிளம்பலாம்” என்றேன்.

“நான் வர்லீங்கப்பா.”

“மாப்பிள்ளை ஒண்ணும் சொல்லமாட்டாரு. நேத்தே கேட்டுட்டேன்.”

“அவரு ‘போயிட்டு வா’ன்னுதான் சொல்றாரு. நாந்தான் வர்லீங்க.” அடுப்பை ஊதிவிட்டுத் திரும்பினாள். “முந்தாநேத்து மழையில நீங்க எத்தன தடவ எந்திரிச்சுப் பின்னால போனீங்க?”

நான் ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளிவிட்டேன்.

“நானும் அப்படித்தான் இருந்தனுங்க. இப்ப நாலு நாளாத்தான் தகரத்துல சத்தம் கேட்டாலும் ஒக்காந்த எடத்துல ஒக்காந்திருக்கறேன். இன்னும் வெளிய போயிப் போசி வெக்க முடியல. இந்தப் பயத்தோட ஊருக்கு வந்தன்னா அது எம்மேலயே ஒட்டிக்கும். அங்க ஐப்பசி பொறந்தா ஊரே மானத்தப் பாத்துக் கும்புடும். நான் மட்டும் காதப் பொத்திக்கிட்டு ஊட்டுக்குள்ள இருக்கறதுங்களா? மழைக்குப் பயந்தவள வெச்சுக்கிட்டு நம்மூரு என்னங்கப்பா பண்ணும்?”

இருபது வருடமாகப் பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டே பழகியவன் நான். “உங்கம்மா என்னை வாசல்லயே உடமாட்டா” என்று மட்டும் சொன்னேன்.

“நாலு நாளைக்கு மாட்டுச் சாளையில படுத்துக்குங்க” என்றாள். நான் வந்தபிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

கிளம்பும் நாள் காலையில் மறுபடி மழை. வண்டிக்கு ஒரு மணி நேரம் இருந்தது. நான் என் பித்தளைச் சொம்பை எடுத்துக்கொண்டு போய்த் தாழ்வாரத்துக்கு அடியில் வைத்துவிட்டு, ஓரமாக நின்றேன். எனக்கும் பின்பக்கம் போய்ச் சுவரைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அதைச் சொல்வதில் வெட்கமில்லை. சொம்பு நிறைந்து வழிந்தது. எடுத்துக் கொட்டிவிட்டு மறுபடியும் வைத்தேன். மூன்றாம் முறை நிறைந்தபோது உள்ளே பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. நல்லம்மாள் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். படியில் கொஞ்சம் நின்றாள். பின்பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு இறங்கி வந்து, என் சொம்பைக் காலால் ஒதுக்கிவிட்டு அண்டாவை வைத்தாள்.

“சொம்பு வெச்சுப் புடிச்சா எப்பங்கப்பா நெறையும்?” என்றாள்.

ஊர் திரும்பிய அன்று ஆடிக் காற்று. மோகனூர்க் கரையில் இறங்கினபோது கண்ணில் மண். வண்டியில் வரும்போது இரு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தேன். உழுத காடுகள், காற்றில் மட்டை உரசும் பனைகள், கிழக்கே நீலமாய்க் கொல்லிமலை. புழுதி அடங்கும் நேரம் மலை கிட்ட வந்ததுபோல் தெளிவாகும், புழுதி எழுந்ததும் மறைந்துபோகும். நாற்பத்தாறு வருடமாக இந்தக் காட்டில்தான் இருக்கிறேன். காற்றடித்தால் கண்ணை மூடிக்கொண்டிருந்திருக்கிறேன் போலும்.

பாவாயி வாசலில் நின்றாள். வண்டியைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் பார்த்தாள். வண்டிக்கு அப்பாலும் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். நல்லம்மாள் சொன்னதையெல்லாம் வாசலில் நின்றபடியே சொன்னேன். பதில் இல்லை. வாசற்படியை மிதிக்கலாமா என்று கேட்டேன், அதற்கும் இல்லை. மகள் சொன்னபடி மாட்டுச் சாளையில் நாலு நாள் படுத்தேன்.

அதன்பின் உள்ளே விட்டாள். பேசத்தான் இல்லை. சொல்ல வேண்டியதைக் கன்றுக்குட்டியிடம் சொல்வாள். “ஏ கன்னுக்குட்டி, சோறு போட்டு வெச்சிருக்குது. திங்கறவங்க திங்கலாம்” என்பாள். “வாக்குக் குடுத்துட்டுப் போயி வெறுங்கையோட வர்றவங்கள நீ பாத்திருக்கறயா?” என்பாள். கன்றுக்குட்டி என்னைத்தான் பார்க்கும்.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம் பெட்டியிலிருந்து மகளின் பழைய கடிதங்களை எடுத்தேன். பாவாயி முறத்தில் துவரை புடைத்துக்கொண்டிருந்தாள். முதல் கடிதத்திலிருந்து, நான் தாண்டிப்போன வரிகளை உரக்கப் படித்தேன். பனி எந்த மலை இடுக்கு வழியே வருகிறது, பங்குனியில் என்ன பூ, கார்த்திகையில் எந்தக் குருவி என்று தினம் ஒரு கடிதம். யாருக்குப் படிக்கிறேன் என்று நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. நான் படிக்கத் தொடங்கினால் முறத்தின் சத்தம் நின்றுவிடும். அது மட்டும் தெரிந்தது.

ஐப்பசி பிறந்து ஒரு வாரத்தில், மத்தியானம், இடியோடு மழை வந்தது. பாவாயி அண்டாக்களைத் தாழ்வாரத்துக்கு இழுத்தாள். நான் என்னையறியாமல் எழுந்து பின்பக்கம் போய்ச் சுவரைப் பார்த்தேன். சுவருக்கு அப்பால் இரண்டு மைலுக்குச் சமதளமான காடு.

“ஏனுங்க.”

மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் என்னைக் கூப்பிட்டது அது.

“பின்னால என்னத்தப் பாக்கறீங்க? நம்மூர்ல மண்ணு எங்க போயிச் சரியும்?”

நான் முன்னால் வந்தேன். அவள் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அங்கயும் இப்பப் பேயுமுங்களா?”

“பேயும். ஐப்பசியில மட்டும் ரெண்டு ஊருக்கும் ஒரே நேரத்துல மழைன்னு எழுதியிருந்தாளே. மூணு நாளைக்கு முன்னாடி படிச்சேன்.”

“கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்” என்றாள். ஓட்டு மூலையில் தண்ணீர் தடித்து விழுந்து மண்ணில் வீணாகிக்கொண்டிருந்தது. அதைக் காட்டி, என் கையில் ஒரு குடத்தைக் கொடுத்தாள். “நனஞ்சா நனையுது. போயி அங்க வெய்யுங்க.”

போய் வைத்தேன். வைத்துவிட்டு, குடம் நிறையும்வரை அங்கேயே நின்றேன்.